ஜனவரியில் தார் பாலைவனம், சைக்கிளில்: விண்ட்சீட்டர் ஒன்று போதுமா?

சேலம் வாசகரின் கேள்வி, 11 ஜனவரி 2025, காலை 10.20

மாதக் கடைசியில் நண்பர்கள் நாலு பேர் ராஜஸ்தானில் ஜெய்சால்மரிலிருந்து பாகிஸ்தான் எல்லையோரத் தனோட் வரை சைக்கிளில் போகிறோம். பாலைவனம்தானே, பகல் முழுக்க வெயில் இருக்கும். அரைக்கை ஜெர்சி, மேலே மெல்லிய விண்ட்சீட்டர், இது போதும் என்பது என் கட்சி. மார்கழியில் ஏற்காட்டுக்கே அப்படித்தான் ஏறுகிறேன். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 ஜனவரி, மதியம் 1.05

போதாது. ஏற்காடு ஏறும்போது உடம்பு தானாகச் சூடாகிவிடும், குளிர் தெரிவது இறக்கத்தில்தான். ஜெய்சால்மர் பக்கம் அந்த மாதிரி ஏற்றம் எதுவும் இல்லை. காலையில் கிளம்பினால் எதிர்க்காற்றை மிதித்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஜனவரியில் அங்கே சாதாரணமாகவே இரவுக் குளிர் 7, 8 டிகிரிக்கு வரும். குளிர் அலை வந்தால் இன்னும் கீழே போகும். பகலில் 23, 24 டிகிரி வரை ஏறும் என்பது உண்மை. அது மதியம் இரண்டு மணிக் கணக்கு.

போன ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் போனோம். கோவையில் மில் வைத்திருக்கும் நண்பர், மதுரை டாக்டர், பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, எல்லோரும் மாமா என்று கூப்பிடும் அறுபதை நெருங்கிய ஒருவர், நான். உடுப்பு விவரம் இரவு எழுதுகிறேன்.

11 ஜனவரி, இரவு 9.40

உடுப்பு. உடம்போடு ஒட்டிய முழுக்கை தெர்மல் ஒன்று. அதன் மேல் ஜெர்சி. அதன் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். கழட்டிச் சுருட்டினால் முதுகுப் பையில் அடங்க வேண்டும், ஏனென்றால் பதினோரு மணிக்குக் கழட்டுவீர்கள், நாலரைக்குத் திரும்பப் போடுவீர்கள். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, டீக்கடையில் நிற்கும் பத்து நிமிடத்தில் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும்.

முழு விரல் கையுறை. பாதி விரல் கையுறையோடு வந்த தம்பிக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே விரல் மரத்துப்போய், உள்ளங்கையால் கியர் தள்ளிக்கொண்டு வந்தான். பிரேக் பிடிக்கச் சொன்னால் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான்.

காதுக்கு மங்கி குல்லா. சிரிக்காதீர்கள். சென்னையில் 22 டிகிரிக்கே அதை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களை நானும் கேலி செய்தவன்தான். மாமா அதை ஹெல்மெட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முழுக்க காதைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

ஜாக்கெட் வாங்கக் காசு இல்லையென்றால் நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவே இரண்டு தாள் செய்தித்தாள் விரித்துச் செருகிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மலை இறக்கத்துக்கு முன்னால் பந்தயக்காரர்கள் செய்துவந்த பழைய வேலை இது, இன்றைக்கும் வேலை செய்கிறது. எங்கள் மில்காரர் ஜெய்சால்மர் ரயில் நிலையத்தில் வாங்கிய இந்திப் பேப்பரைச் செருகிக்கொண்டார். வேர்வையில் மை ஊறி, அன்றைய தலைப்புச் செய்தி நெஞ்சில் தலைகீழாகப் பதிந்திருந்தது.

12 ஜனவரி, காலை 7.15

'விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பாதி தூரம் முடித்துவிடலாமே' என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஊர்க் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். நமக்கு வெயில்தான் எதிரி, அதனால் நாலு மணிக்கு எழுந்து ஓட்டிப் பழகிவிட்டோம். அங்கே ஜனவரியில் வெயில் வந்தால் கும்பிட வேண்டும்.

கணக்கு இதுதான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. ஜெய்சால்மர் இருப்பது கிட்டத்தட்ட 71 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலப் பகலும் சிறியது. சூரியன் வர ஏழரை ஆகும். அதைவிட முக்கியம், இரவின் கடைசிக் குளிர் விழுவது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். ஆறு மணிக்கு 7 டிகிரி இருந்தது, ஏழரைக்குக் கூடியிருக்கும் என்று நினைத்தால் குறைந்திருக்கும்.

நாங்கள் தங்கிய இடத்துக்காரர் முதல் நாள் இரவே, 'பாய் சாப், ஒன்பதுக்கு முன்னால் ஊர்க்காரனே வெளியே வரமாட்டான்' என்றார். நாங்கள் ஏழே காலுக்கு வாசலில் நின்றோம். மீட்டர் 5 டிகிரி காட்டியது. கோட்டைச் சுவர் மஞ்சளாக மின்னும் என்று போட்டோக்களில் பார்த்திருந்தோம், அந்த நேரத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தது.

12 ஜனவரி, காலை 7.50

மேலே உடுப்பைப் பற்றி நீளமாக எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், ஒன்பதரைக்குக் கிளம்பினால் அதில் பாதி தேவைப்படாது. முதலில் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

12 ஜனவரி, இரவு 10.30

5 டிகிரியில் கிளம்பிய அந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அதற்கு முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. குளிர்காலத்தில் மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்வார்களே, அதன் மழை. ராஜஸ்தானில் மாவட் என்கிறார்கள். ஆண்டு மழையே 200 மி.மீ.-க்குக் கீழே இருக்கும் ஊரில் அது விவசாயிக்குக் கொண்டாட்டம். சைக்கிள்காரனுக்கு வேறு கதை. அந்த மேகம் கடந்துபோன பின்னால் வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மேகப் போர்வை இல்லாமல், காற்றில் ஈரமும் இல்லாமல், மணல் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் இரவில் மேலே விட்டுவிடும்.

தனோட் போகும் வழியில் வரும் ராம்கட் என்ற ஊர் இருப்பதும் ஜெய்சால்மருக்கு வடமேற்கில்தான். சுமார் 65 கி.மீ. முழுக்க மூஞ்சியில் காற்று.

படா பாக் முதல் நிறுத்தம். ஊரிலிருந்து ஆறு கி.மீ.தான். ராஜ குடும்பத்தினரின் சத்ரிகள் என்ற நினைவு மண்டபங்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாகக் காற்றாலைகள். எல்லா விசிறியும் நாங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. மில்காரர் அதைப் பார்த்துவிட்டு, 'நம்ம முப்பந்தலில் இது சுத்தினா எனக்கு சந்தோஷம், கரண்டு வரும். இங்க சுத்தினா வயித்தெரிச்சல்' என்றார்.

காற்றுக் கணக்கை டாக்டர் போட்டார். எதிர்க்காற்று 20 கி.மீ. வேகம், நாம் 15 கி.மீ. வேகத்தில் போகிறோம், மூஞ்சியில் அடிப்பது 35. வெப்பநிலை 6 டிகிரி என்றால், அந்தக் காற்றில் தோல் உணர்வது கிட்டத்தட்ட 1 டிகிரி. இதைக் கேட்டபின் தம்பிக்கு இன்னும் அதிகமாகக் குளிர்ந்தது.

ஐந்து பேரும் வரிசையாகப் போனோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்க, பின்னால் வருகிறவர்கள் மறைவில் ஒட்டிக்கொள்வது. இதில் ஒரு விஷயம் யாரும் சொல்லித் தந்ததில்லை. முன்னால் போகிறவர் கஷ்டப்பட்டு மிதிப்பதால் சூடாக இருக்கிறார். மறைவில் வருகிறவருக்கு உழைப்பு குறைவு, அதனால் அவர்தான் சீக்கிரம் நடுங்குகிறார். வழக்கமாக முன்னால் போக ஆள் கிடைக்காது. அன்றைக்கு அதற்குச் சண்டை.

13 ஜனவரி, காலை 6.40

பஞ்சர். நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் அங்கேயும் தாராளம். சாலையோரம் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாலே டயரில் இரண்டு இருக்கும். சைக்கிளைத் தார் மேலேயே படுக்க வைத்துவிட்டு நடந்து போய் வாருங்கள்.

மரத்த விரலோடு டியூப் மாற்றுவது தனிக் கலை. ஏழு நிமிட வேலை அரை மணி ஆகிறது. ஒருவர் மாற்ற, மற்ற நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசனை சொல்கிறோம். நிற்கிற நாலு பேரும் வேர்வை ஆறி நடுங்க ஆரம்பிக்கிறோம். மாமா மட்டும் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்துவிட்டார். நாங்கள் பிடிக்கும்போது ஒன்றரை கி.மீ. தள்ளி, சூடாக, சந்தோஷமாக இருந்தார். பஞ்சர் ஆனால் ஒட்டுகிறவரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது என்பது அதிலிருந்து எங்கள் குழுவில் சட்டம்.

இன்னொன்று. அறைக்குள் 20 டிகிரியில் காற்று அடித்துவிட்டு 5 டிகிரியில் வெளியே போனால் டயர் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். பஞ்சர் என்று பயந்து சக்கரத்தைக் கழட்ட வேண்டாம்.

13 ஜனவரி, மதியம் 2.10

தேங்காய் எண்ணெய் விஷயத்தை மறந்துவிட்டேன். உதடு வெடிக்கும் என்று டாக்டர் சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் சாமான் அது. பாட்டில் வாய் சிறியது. நடுரோட்டில் ஒரு எம்.பி.பி.எஸ்., எம்.டி. அதை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். வாசலின் கொண்டுபோங்கள்.

அவர் சொன்ன உருப்படியான ஒன்று: குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அதிகம் போகும், வறண்ட காற்று மூச்சிலேயே ஈரத்தை இழுக்கும். எனவே தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும். வெந்நீர் பிளாஸ்க் ஒன்று சைக்கிள் பாட்டில் கூட்டில் உட்காரும் அளவில் கிடைக்கிறது. அதுதான் அன்றைக்கு எல்லோரும் என்னோடு சமாதானமாக இருந்ததற்குக் காரணம்.

13 ஜனவரி, இரவு 8.55

சாப்பாடு கேட்டவருக்கு. வழியில் ஒரு தாபா. கம்பு ரொட்டி, நெய், பூண்டுச் சட்னி, கேர் சாங்ரி. இந்த சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய். நம் ஊரில் வன்னி கோவிலுக்குள் ஸ்தல விருட்சமாக நிற்கும், சுற்றிவிட்டு வருவோம். அங்கே கேஜ்ரி என்ற பெயரில் அதுதான் மாநில மரம், ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இலை, மனிதனுக்குக் காய், நிழல், விறகு எல்லாம். 1730-இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது அமிர்தா தேவியும் அவரோடு சேர்த்து 363 பிஷ்னோய் சமூகத்தவரும் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டதாகச் சொல்வார்கள். சாப்பிடும்போது தம்பி இதைப் படித்துக் காட்டினான், மாமா அதற்கப்புறம் காயை மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் ராப். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சியது, கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள். நாம் கம்பங்கூழை உடம்பு குளிரச் சித்திரையில் குடிக்கிறோம், அவர்கள் அதே கம்பையும் மோரையும் குளிர் தாங்கக் குடிக்கிறார்கள். எது சரி என்று டாக்டரைக் கேட்டோம். இன்னொரு டம்ளர் கேட்டார்.

தாபா வாசலில் முள்விறகு மூட்டி நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கனத்த கம்பளிப் போர்வையில் கண் மட்டும் தெரிந்தது. எங்கள் வழுவழு ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் ஏதோ சொன்னார், மற்ற மூவரும் சிரித்தார்கள். எங்கள் இந்திக்கு அது எட்டவில்லை, நல்லதுதான்.

14 ஜனவரி, காலை 9.30

பொங்கல் வேலைக்கு நடுவே சின்னதாக. 'பாலைவனம் என்கிறீர்கள், உங்கள் போட்டோவில் கடுகு பூத்திருக்கிறதே' என்று கேட்டவருக்கு: அது இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் சேரும் ஹரிக்கே அணையிலிருந்து 600 கி.மீ.-க்கு மேல் ஓடி ஜெய்சால்மர் மாவட்டத்துக்கு வருகிறது. ராம்கட் நெருங்கும்போது மணலுக்கு நடுவே திடீரென்று மஞ்சள் வயல். அழகுதான், ஆனால் ஈர வயல் பக்கம் போனவுடன் குளிர் எலும்பில் ஏறியது. வறண்ட மணல் பக்கம் திரும்பியதும்தான் மூச்சு வந்தது.

கால்வாய்க்கு முன்னாலும் அங்கே கோதுமை விளைந்திருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே செய்த கடின் முறை: பாறைச் சரிவில் விழும் மழையைத் தாழ்வான இடத்தில் மண் கரை போட்டு மடக்குவது. நம் ஏரியில் தண்ணீரைத் தேக்கி வெளியே வயலுக்கு விடுவோம். அங்கே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் வரை விட்டுவிட்டு, ஈரம் காயாத அந்தத் தரையிலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். ஜெய்சால்மர் பக்கம் இன்றும் சில கடின்கள் பயிராகின்றன. குல்தரா என்ற ஆளில்லாத கிராமத்தைப் பேய்க்கதைக்காகப் பார்க்கப் போகிறவர்கள், அந்த ஊரைக் கட்டியவர்கள் இதே ஆட்கள்தான் என்பதையும் கேட்டுவிட்டு வரலாம்.

15 ஜனவரி, இரவு 11.05

கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்டு என்ற அரிய பறவை) பார்த்தீர்களா என்று பறவைக்காரர் ஒருவர் கேட்கிறார். இல்லை. அதற்கு சாம் பக்கம் தேசியப் பூங்காவுக்குள் போக வேண்டும், பார்ப்பதற்கு அதிர்ஷ்டமும் வேண்டும். காற்றாலையும் சூரிய மின்நிலையமும் பெருகப் பெருக மின்கம்பிகளும் பெருகின. கனத்த உடம்பு, முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத கண், கம்பியில் மோதிச் சாகிறது. 2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. காலையில் காற்றாலையைத் திட்டியது குளிரில் வந்த கோபம். சாயங்காலம் கம்பிகளை எண்ணிக்கொண்டே போனபோது வந்தது வேறு மாதிரி.

16 ஜனவரி, காலை 6.20

சேலத்துக்காரர் கேட்கிறார், 'கடைசியில் தனோட் போய்ச் சேர்ந்தீர்களா இல்லையா?'

அன்றைக்கு இல்லை. ராம்கட் சேரும்போது மூன்றே முக்கால். தனோட்டுக்கு இன்னும் 55 கி.மீ.-க்கு மேல். அந்தச் சாலை மணல் மேடுகள் மேலேயே ஏறி ஏறி இறங்கும், கடைகள் அரிது, ஆறரை தாண்டினால் இருட்டு. தம்பியும் மில்காரரும் போயே ஆக வேண்டும் என்றார்கள். லைட் இருக்கிறது, ரோடு நன்றாக இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன இது என்று. டாக்டர் தம்பியின் கையை வாங்கி, சட்டைப் பட்டனைப் போட்டுக் காட்டு என்றார். முடியவில்லை. பேச்சு அதோடு முடிந்தது. பட்டன் போட முடியாத கையால் பிரேக் பிடிக்க முடியாது, டியூப் மாற்ற முடியாது. இந்தப் பரிசோதனையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

ராம்கட்டில் தங்கினோம். மறுநாள் ஒன்பதரைக்குமேல் கிளம்பி, காற்றும் அடங்கியிருந்ததால், நிதானமாகப் போய்ச் சேர்ந்தோம். 1965 போரில் விழுந்து வெடிக்காமல் போன குண்டுகளைத் தனோட் மாதா கோவிலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கோவிலைப் பராமரிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை, பூசையும் ஜவான்கள்தான்.

16 ஜனவரி, இரவு 9.15

இப்போது கடைசியாக எனக்குத் தோன்றுவது. உடுப்பு, அப்புறம் கிளம்பும் நேரம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டையும்விடப் பெரிய விஷயம் திசை. குளிர் அலைக் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது என்றால், எதற்கு அதை எதிர்த்துத் தனோட் பக்கம் மிதிக்க வேண்டும்? சைக்கிள்களை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றித் தனோட்டில் இறக்கிக்கொண்டு, அங்கிருந்து ஜெய்சால்மருக்கு ஓட்டுங்கள். பின்காற்று 20, நீங்களும் 20 போனால் மூஞ்சியில் காற்றே இல்லை. அதே 6 டிகிரி, 6 டிகிரியாகவே இருக்கும். நாங்கள் திரும்பும்போது கொஞ்சம் காற்று கிடைத்தது, மாமா ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

'வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது ஏமாற்று வேலை' என்று இன்றைக்கே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். இருக்கட்டும். எங்கள் மில்காரரும் அதையே சொல்கிறார், அடுத்த தடவையும் எதிர்க்காற்றில்தான் போவாராம். அவர் முன்னால் போகட்டும்.

17 ஜனவரி, காலை 7.00

ரயில் பற்றி. சென்னை எழும்பூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஜோத்பூருக்கு வாராந்திர ரயில்கள் இருக்கின்றன, அங்கிருந்து ஜெய்சால்மருக்கு வேறு ரயில். சைக்கிளைப் பார்சலில் போடுவதென்றால் பெடலைக் கழட்டி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் தொங்கும் பக்கத்துக்கு அட்டை சுற்றிக் கட்டுங்கள். எங்கள் சைக்கிள் ஒன்று நாங்கள் போன ரயிலில் வராமல் மறுநாள் வந்தது. ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். காத்திருக்கும் நாளில் வானிலையைப் பார்த்து எந்தப் பக்கம் ஓட்டுவது என்று முடிவு செய்துகொள்ளலாம், பிக்கப் வண்டிக்கும் பேரம் பேசலாம்.